பொடக்காணி வரை போகும் ரயில்

தண்டவாளங்கள் இரண்டும் தொலைவில் போய் ஒன்றுசேர்வதுபோலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்றும், உண்மையில் அவை எங்கேயும் சேர்வதில்லை என்றும் பள்ளிப் புத்தகங்கள் காலங்காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகின்றன. இது பிழை. சாதாரணப் பிழையும் அல்ல. இதை நம்பித்தான் விவரம் தெரிந்தவர்கள்கூட ரயில் பாதை ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தண்டவாளங்கள் சேரும். அவை சேர்ந்த இடம் போத்தனூரில், செட்டிக்காட்டு வீதியில், சென்னியப்பன் வீட்டுப் பொடக்காணியில், துணி துவைக்கும் கல்லுக்கும் பின்சுவருக்கும் நடுவில் இருந்தது. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ள வேண்டியது பாடநூல் எழுதுகிறவர்களின் பொறுப்பு.

கொங்கு நாட்டில் வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவவும் துணி துவைத்துக் காயப்போடவும் விட்டிருக்கும் வெளிக்குப் பொடக்காணி என்று பெயர். சென்னியப்பன் வீட்டுப் பொடக்காணி ஒன்றும் பெரியதல்ல. சமையலறைக் கதவில் நின்று ஓர் எலுமிச்சம்பழத்தை எறிந்தால் பின்சுவரில் பட்டுக் காலடிக்கே திரும்பி வந்துவிடும். அந்தக் கோடியில் துவைக்கிற கல், அதற்கு மேலே துணிக்கொடி, அதற்குப் பின்னால் சுவர். அவ்வளவுதான்.

சென்னியப்பன் பல்செட் செய்கிறவர். டாக்டர் அல்ல. டாக்டர்கள் அனுப்பிவைக்கும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல் வரிசையும் கீழ் வரிசையும் கவ்விப்பிடிக்கிறதா என்று பார்த்து, மெருகேற்றிக் கொடுக்கிற ஒரு பட்டறையில் ஆயுளில் பெரும்பகுதியை முக்காலியில் உட்கார்ந்தே கழித்தவர். ஒருத்தர் வாயையும் நேரில் பார்க்காமல் பாதி ஊரைச் சிரிக்கவைத்தேன் என்று சொல்லிக்கொள்வார். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது முழங்கால் மடங்க மறுத்துவிட்டிருந்தது. அவர் மனைவி மயிலாத்தாளுக்கு இடுப்புப் பிடிப்பு. "குனியாம நின்னமேனிக்குப் பறிக்கற மாதிரி ஒரு கீரைப்பாத்தி போட்டுக் குடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் அவள் கேட்டாள்.

அவர் போட்டார். சமையலறைக் கதவை ஒட்டித் தொடங்கி, இடதுபக்கச் சுவரோரமாகப் பின்சுவர்வரைக்கும், இடுப்புயரத்துக்கு ஹாலோ பிளாக் அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்து, தண்ணீர் வடிய அடியில் துளை விட்டு, ஜல்லி கொட்டி, அதன்மேல் செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்து நிரப்பிச் சமன்செய்து, தள்ளி நின்று பார்த்தார். பார்த்தவருக்கு அது பாத்தியாகத் தெரியவில்லை. ஆட்களே இன்னும் குடிவராத ஒரு நாடாகத் தெரிந்தது. கதவோரம் ஒரு முழம் கீரைக்கு ஒதுக்கினார். மீதி நாட்டில் ரயில் விட்டார்.

அவருடைய தொழில் அவருக்கு ஒன்றைக் கற்றுத் தந்திருந்தது: உள்ளதை உள்ளபடி செய்தால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பும்படி செய்ய வேண்டுமானால் அளவோடு பொய் சொல்ல வேண்டும். எனவே கதவுப் பக்கம் இருந்த ஸ்டேஷனைச் செருப்புப் பெட்டி அளவுக்குக் கட்டினார். அதன் பக்கத்தில் முழங்கை உயர ஜேடு செடியை நட்டு ஆலமரம்போல வெட்டிவிட்டார். கொஞ்சம் தள்ளி இருந்த வீடுகள் தீப்பெட்டி அளவு. அதற்கும் அப்பால் டிகாக்‌ஷன் பூசிச் சாயமேற்றிய பிளாஸ்டர் மலை, மலையைக் குடைந்து குகைப்பாதை. குகைக்கு அந்தப்பக்கம் மரங்கள் கடுகு முளைத்த உயரம். கோபுரம் ஒரு பால்பல் அளவு, அதைப் பல் குடைகிற ஊசியால் லென்ஸ் வைத்துச் செதுக்கினார். வயல்வெளிக்குத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து சுரண்டி எடுத்த பாசி. தண்டவாளங்களும் அப்படியே: ஸ்டேஷனில் உள்ளங்கை அகலம் விலகி நின்றவை, போகப்போக நெருங்கி, பின்சுவரோரத்தில் மயிரிழை இடைவெளியில் முடிந்தன. கதவில் நின்று பார்த்தால் காட்சி பாலக்காடுவரை போகிறமாதிரி இருந்தது.

ரயில் இரண்டு செய்தார். பெரியது ஸ்டேஷனிலிருந்து கிளம்பிக் குகைக்குள் போய் நின்றுவிடும். அதே நிறத்தில் விரல்நீளச் சின்ன ரயில் ஒன்று மறுபக்கத்திலிருந்து கிளம்பி ஓடும். பார்க்கிறவர்கள் ஒரே ரயில் தூரமாகப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். திரும்பும்போது சின்னது உள்ளே போக, பெரியது வெளியே வரும். பொய்தான், ஆனால் பல்செட்டைவிடப் பெரிய பொய் அல்ல.

எதிர்வீட்டு ஆரோக்கியராஜ் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கொடியசைத்தே பழகிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர். அவருக்கு ரயிலை ஓட்டிக் காட்டிய அன்று, பெரியது குகைக்குள் போய், சின்னது வெளியே வந்து, பாசிவயலைத் தாண்டிப் போனது. அது பின்சுவரைத் தொட்டபிறகுதான் சென்னியப்பனுக்கு ஞாபகம் வந்தது: சின்ன ரயிலின் மோட்டார் புகைந்துபோய், அது வீட்டுக்குள் மேசைமேல் பாகம்பாகமாகக் கழற்றிக் கிடந்தது. குகைக்குள் விரலை விட்டுத் துழாவினார். காலியாக இருந்தது. சற்று நேரத்தில் சின்ன ரயில் பின்னோக்கி வந்து ஒருபக்கமாக உள்ளே நுழைந்தது. பெரிய ரயிலாக மறுபக்கம் வந்து ஸ்டேஷனில் நின்றது. அதன் கூரை ஈரமாக இருந்தது. போத்தனூரில் அன்றைக்கு மழை இல்லை.

ஆரோக்கியராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "லேட்டு இல்ல" என்றார். "நம்ம காலத்துல கூட இப்படி வரல."

அன்றிலிருந்து பின்சுவர் தூரமாகத் தொடங்கியது.

முதலில் தெரிந்துகொண்டவள் மயிலாத்தாள்தான், ஏனென்றால் அந்த வீட்டில் தினமும் கோடிவரை போகிறவள் அவள் ஒருத்தி. "ஏனுங்க, கொடிக்குப் போயி நாலு துணி போட்டுட்டு வர்றதுக்குள்ள சோறு குழஞ்சு போச்சு" என்றாள். சென்னியப்பன் குக்கரின் வாஷரை மாற்றினார். மறுவாரம் அவள் போகும்போது ஒரு சொம்பில் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். அவர் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் ஸ்டேஷனைக் கடக்கையில் மயிலாத்தாளாகவும், மலையைக் கடக்கையில் அவள் தங்கை மகளாகவும், கோடியில் நின்று துணி உதறும்போது கொலுவில் வைக்கிற மரப்பாச்சியாகவும் தெரிந்தாள். திரும்பி வரும்போது அதே வரிசையில் வளர்ந்து வந்தாள். வேர்த்திருந்தது.

வீதியில் இது பெரிய விஷயமாகவில்லை. நகர் நலச்சங்கச் செயலாளர் வரதராஜுலு ஓர் அளவைக்காரரைக் கூட்டிவந்தார். டேப் பழைய அளவையே காட்டியது. ஆனால் அதைக் கோடிவரை இழுத்துக்கொண்டு போய்த் திரும்பிவர அளவைக்காரருக்குக் காலை முழுக்கப் பிடித்தது, நடுவில் மலை நிழலில் உட்கார்ந்து சோறும் தின்றார். டேப்பும் கூடவே சிறுத்திருக்கலாம் என்று சிலரும், அளவைக்காரர்கள் எப்போதுமே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள்தான் என்று சிலரும் சொன்னார்கள். வரதராஜுலுவுக்கு அந்த விவாதத்தில் அக்கறை இல்லை. அவருக்குச் சர்க்கரை. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். மெயின் ரோட்டில் லாரி, குறுக்குத் தெருவில் நாய்.

"சார், இவ்வளவு தூரத்தை வீட்டுக்குள்ள சும்மா வெச்சுட்டு இருக்கறது நல்லா இல்ல" என்றார். "காலைல நாங்க ஒரு நடை போயிக்கறோம். பொம்பளைங்க சாயங்காலம் போயிக்கட்டும்."

அப்படித்தான் ஆனது. விடிந்ததும் கேன்வாஸ் ஷூ போட்ட பெரியவர்கள் சமையலறை வழியாக வரிசையாகப் போய், மயிலாத்தாளிடம் "தப்பா நெனச்சுக்காதீங்கம்மிணி" என்று சொல்லிவிட்டு, பொடக்காணிக்குள் இறங்கி, கையை வீசி நடந்து, சிறுத்து, திரும்பி, பெருத்து, வீடு போய்ச்சேர்ந்தார்கள். பாதி வழியில் உட்கார ஒரு சிமெண்டுப் பலகை போட்டார்கள். அண்ணன் தம்பி சண்டை வந்த வீட்டில் ஒருத்தரைக் கோபம் ஆறும்வரை கோடிக்கு அனுப்பிவைத்தார்கள். மாமியாரோடு ஒத்துப்போகாத ஒரு மருமகள் தினமும் மாலையில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அங்கிருந்து பார்த்தால் எல்லாருமே சின்னதாகத் தெரிகிறார்கள் என்றாள். போகிறவர்கள் நிஜமாகவே சிறுத்துப்போகிறார்களா, வெறுமனே தூரமாகப் போகிறார்களா என்று ஒருநாள் கார்டும் செயலாளரும் வெகுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்கார ஜமீலா மதில்மேல் கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதா இருந்தா என்னங்ணா" என்றாள். "கூப்புட்டா காது கேட்டு வரோணும். வராதுன்னா ரெண்டும் ஒண்ணுதான்."

சென்னியப்பனுக்கு அந்த வார்த்தை உள்ளே எங்கேயோ, கடைவாய்ப்பல்லின் வேரில், போய்த் தைத்தது. அவர் பயந்த ஆள். பயத்தை வெளியே காட்டாத பழக்கமும் உள்ளவர். வாயைத் திறந்தாலே பல் வரிசை சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம். முதலில் அவரைப் பயமுறுத்தியது ஒரு காக்கை. மதிலில் உட்கார்ந்திருந்தது, கோடிப் பக்கமாகப் பறந்தது, புறாவாகி, சிட்டாகி, ஈயாகி, பிறகு இல்லை. சுவரைத் தாண்டிப் போகவில்லை. சுவருக்கு முன்னாலேயே இல்லாமல் போனது. அடுத்ததாக, ஒருநாள் பொழுது சாய்கிற வேளையில் கதவில் நின்றவர், கடைசி மலைவரிசைக்கு அப்பால் இன்னொரு மலைவரிசை இருப்பதைப் பார்த்தார். அதை அவர் செய்யவில்லை. அதன் அடிவாரத்தில் ஓர் ஊர் இருந்தது. அதையும் அவர் செய்யவில்லை. அந்த ஊரில் யாரோ விளக்கேற்றினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருப்பார், அந்த மயிரிழை இடைவெளி மட்டும் இல்லாவிட்டால். முன்பல் இரண்டுக்கும் நடுவில் மயிரிழை சந்து விட்டாலும் டாக்டர்கள் செட்டைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்; ஆயுள் முழுக்க அவர் கை அந்தச் சந்தை அடைத்தே பழகியது. பின்சுவரோரம் தண்டவாளங்கள் சேராமல் நின்ற அந்த இடத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கப் பார்க்க அவருக்கு நாக்கு ஊறியது. பயம் ஒருபக்கம், சந்து ஒருபக்கம். பயத்தைவிடச் சந்துக்கு வயது அதிகம்.

ஒரு காலையில், நடைக்காரர்கள் வந்து போனபிறகு, பல்செட்டுக்கு ஈறு செய்யும் ரோஸ் நிறப் பசையைக் குழைத்து எடுத்துக்கொண்டு கோடிவரை நடந்தார். வழி நெடுகிலும் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று. சுவரோரம் லென்ஸைக் கண்ணில் மாட்டி, ஊசிமுனையால் பசையைத் தொட்டு, இரண்டு தண்டவாளங்களையும் ஒரு புள்ளியில் சேர்த்தார். பசை இறுக நேரமாகும். அது இறுகுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டுமென்று அவருக்கு ஏன் தோன்றியது என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை, வேகமாக நடந்தார்.

பாதிவழியில், சிமெண்டுப் பலகைக்குப் பக்கத்தில், மயிலாத்தாள் எதிரே வந்தாள். மஞ்சள் சேலை, இடுப்பில் துணி வாளி.

"எங்கீங்க போயிட்டு வர்றீங்க, கையெல்லாம் ரோஸு?"

"சும்மா."

"மழை வரும்போல இருக்குது. வெசையாப் போட்டு எடுத்துரலாம்னு போறேன்."

போகாதே என்று சொல்ல அவர் வாயெடுத்தார். ஏன் என்று கேட்பாள். கேட்டால், பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதை அவளிடம் சொன்னதில்லை. "சரி" என்றார்.

சமையலறைக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பசை இறுகியது. சத்தம் எதுவும் வரவில்லை. தண்ணீரின் ஓசை மட்டும் ஒரு பெரிய வெளியில் விழுவதுபோல மாறியது. திரும்பிப் பார்த்தார். பின்சுவர் இல்லை. மலை இருந்தது, மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் நீலமாக ஒன்று, எல்லாவற்றையும் கடந்து போய்க்கொண்டே இருக்கும் தண்டவாளம், அதன் முடிவில் அந்த ரோஸ் புள்ளி, புள்ளிக்கு இந்தப் பக்கம் மஞ்சளாக ஒரு பொட்டு.

அவர் கூப்பிட்டார். பொட்டு திரும்பவில்லை. அது குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பிறகு வேலை முடிந்து இந்தப்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். பொட்டு பெரிதாகவில்லை.

ஜமீலாவிடம் மதில் வழியாகச் சொன்னார். ஜமீலா வீதிக்குச் சொன்னாள். எல்லாரும் வந்தார்கள். நடந்ததை அவர் மறைக்காமல் சொன்னார், பசை, சந்து, எல்லாம். ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை; வரதராஜுலு மட்டும், "இனிமே நடைக்கு நீளமா இருக்குமே" என்று மெல்லச் சொல்லி, ஜமீலா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். கண்ணிமைத்தால் பொட்டு காக்கையைப்போல இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அதனால் நடைக்காரர்கள் முறைபோட்டுக்கொண்டார்கள்: ஒருத்தர் கண்கலங்கி விலகுமுன் அடுத்தவர் அந்த இடத்தில் நின்று பார்க்கத் தொடங்க வேண்டும். ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போய்ப் பழைய சிவப்புக் கொடியை எடுத்துவந்து ஸ்டேஷனருகே நின்று ஆட்டினார். எதை நிறுத்துவதற்கு என்று அவருக்கும் தெரியாது.

ஜமீலா செருப்பை உதறிவிட்டுப் பொடக்காணியில் இறங்கினாள். "நான் போயி அக்காவக் கைப்புடியாக் கூட்டியாறேன்." மலைவரைக்கும் போனாள், சிமெண்டுப் பலகையைத் தாண்டினாள், விரலளவு ஆனாள். பிறகு நின்றாள். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. "நான் எத்தன எட்டு வெச்சாலும் மயிலக்கா அதே தூரத்துல நிக்குதுங்ணா" என்றாள். "திரும்பிப் பாத்தா வீட்டக் காணோம். கார்டு மாமா கொடி மட்டுந்தான் தெரிஞ்சுது. அதப் புடிச்சுட்டு வந்தேன்."

பொழுது உச்சியைத் தாண்டியது. மயிலாத்தாள் காலையில் எதுவும் சாப்பிடவில்லை என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெரிய ரயிலின் பெட்டிகளில் கூரையைக் கழற்றி, இட்லியை இலையில் மடித்து வைத்து, கிளப்பிவிட்டார். ரயில் குகைக்குள் போய்ச் சின்னதாக வெளிவந்தது, புள்ளியானது, மஞ்சள் பொட்டின் பக்கத்தில் போய் நின்றது. பொட்டு குனிந்தது. முறைக்கு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "சாப்புடுது" என்றார். அதைக் கேட்டு வீதியே மூச்சு விட்டது.

ரயில் திரும்பி வந்தபோது அதில் துணிக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப் ஒன்று இருந்தது. சாதாரண கிளிப், சாதாரண அளவு. அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்த சென்னியப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் சிறுத்துப்போயிருந்தால் பொறுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். அவள் சிறுக்கவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறாள்.

இருட்டினால் பொட்டு தெரியாது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

பல்லெல்லாம் விழுந்தவரின் முகம் உள்ளே ஒடுங்கிப் பின்வாங்கிப் போயிருக்கும். முகத்தைப் பிடித்து முன்னால் இழுக்க முடியாது. பல்லை மாற்றி அடுக்கினால் முகம் தானாக முன்னே வரும். இதை ஆயிரம் வாய்க்குச் செய்தவர் தன் பொடக்காணிக்குச் செய்யலாம் என்று எண்ணிப்பார்க்க அந்தக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருந்தது. கிட்டத்தில் பெரியதும் தூரத்தில் சிறியதும் இருப்பதால்தான் தூரம் தூரமாக இருக்கிறது. கிட்டத்தில் இருப்பதைச் சிறியதாக்க வேண்டும். பெரியதை அவளிடம் அனுப்ப வேண்டும். அங்கே நடுவதற்கு அவளைத் தவிர ஆள் இல்லை.

எழுந்து போய் ஸ்டேஷனைப் பெயர்த்தார். சுவர்களையும் கூரையையும் தனித்தனியாகக் கழற்றி ரயிலில் ஏற்றினார். ஸ்டேஷன் பெயர்ப்பலகையின் பின்புறத்தில் கரியால் எழுதினார்: *இதை அங்கே நடு.*

ரயில் போனது. வந்தது. ஸ்டேஷன் அப்படியே அதில் இருந்தது. பலகையில் அவர் எழுதியதற்குக் கீழே, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் கிளிப் முனையைத் தோய்த்து எழுதிய கோணல் எழுத்து: *எதுக்கு?*

"அக்கா நல்லாத்தான் இருக்குது" என்றாள் ஜமீலா.

*நட்டால் கிட்ட வருவாய்* என்று எழுதி அனுப்பினார். *நடந்துட்டுத்தான இருக்கேன், வருவேன். வெளையாட்டுச் சாமானெல்லாம் இப்ப எதுக்கு* என்று நீலத்தில் பதில் வந்தது. அது அவர்கள் வீட்டில் தினமும் நடக்கிற பேச்சுதான். ரயிலில் போய்வர மட்டும் அதிக நேரமானது. மேகம் கணவாயை மூடிவிட்டது. முறைக்கு நின்றவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தெரியுது... தெரியுது..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், அது முன்னைவிட நிச்சயமில்லாமல் இருந்தது.

பலகையில் இடம் தீர்ந்துபோயிருந்தது. சென்னியப்பன் ஸ்டேஷன் சுவரொன்றைக் கவிழ்த்துப்போட்டார். கரியை எடுத்தார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், ஆனாலும் ஜமீலா படித்துவிட்டாள், படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். *மயிலா, எனக்குப் பயமா இருக்கு.*

ரயில் போயிற்று. அது எவ்வளவு நேரம் போனதென்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை, ஆரோக்கியராஜ்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பெட்டிகள் காலியாக இருந்தன.

பிறகு எல்லாரும் வேலை செய்தார்கள். ஜேடு மரத்தை வேரோடு பிடுங்கி ஏற்றினார்கள். தீப்பெட்டி வீடுகளை ஏற்றினார்கள். வரதராஜுலு தன் கையாலேயே மலையைச் சுத்தியால் உடைத்து, பெரிய துண்டுகளாகப் பார்த்து அனுப்பினார். கதவோரத்து முழத்தில் மயிலாத்தாளின் முளைக்கீரை முழங்கை உயரம் வளர்ந்திருந்தது. சென்னியப்பன் ஒரு கணம் தயங்கி அதையும் பிடுங்கி ஏற்றினார். காலியான இடத்தில், கதவுக்கு மிகக் கிட்டத்தில், செதுக்கும்போது உபரியாக மிஞ்சிய பால்பல் கோபுரங்களையும், கடுகளவு வீடுகளையும் அவர் நட, ஜமீலா தையல் ஊசியால் பாசியைக் கிள்ளிக்கிள்ளி மரம் வைத்தாள். ஒவ்வொரு ரயில் போய் வந்ததும் தூரத்தில் ஏதோ ஒன்று பெரியதாக முளைத்தது: முதலில் கூரை, அப்புறம் மரம், அப்புறம் ஒரு கீரைத்தோப்பு. மஞ்சள் பொட்டு மிளகானது. மிளகு தீக்குச்சியானது. தீக்குச்சி ஒரு கையில் வாளியும் மறுகையில் துணிமூட்டையுமாக நடந்து வருகிற ஆளாக ஆனது. முதல் தூறல் விழுந்தபோது மயிலாத்தாள் சமையலறைப் படியேறி வந்து வாளியைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால், எலுமிச்சம்பழம் எறியும் தொலைவில், சுவர் இருந்தது.

"பாதிதான் காஞ்சுது" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "இத்தன பேரு வந்திருக்காங்க, ஒரு டீ வெச்சுக் குடுக்க ஆளில்லையா?"

டீ குடித்து எல்லாரும் போனபிறகு, ஈரத்துணியை உள்ளே கட்டிய கயிற்றில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அங்க மலைக்கு அக்கட்ட ஒரு ஊரு இருக்குதுங்க. ஒருத்தி வாசல்ல வெளக்கத் தொடச்சுட்டு இருந்தா. எந்த ஊரும்மிணின்னு கேட்டா. போத்தனூருன்னேன். அது நெம்ப தூரமாச்சே, இப்பத் திரும்பி ஒரு நடை போக முடியாது, படுத்திருந்துட்டுப் போன்னா. நல்லாத்தான் பேசுனா. எனக்கும் காலு வலி. சரின்னு வாளியக் கீழ வெச்சுட்டேன்."

சென்னியப்பன் அடுத்த ஈரத்துணியை எடுத்து நீட்டினார்.

"அப்பத்தான் உங்க ரயிலு மறுக்கா வந்துச்சு. அந்தச் சொவத்தப் படிச்சேன்." ஒரு சட்டையை உதறினாள். "எத்தன வருசம் கழிச்சு."

மறுநாள் அவர் தண்டவாளத்தைக் கழற்றினார். ரோஸ் புள்ளியை ஊசியால் சுரண்டி எடுத்து, சுரண்டிய தூளைச் சாக்கடையில் தண்ணீர் விட்டுக் கழுவினார். நடைக்காரர்கள் ஒரு வாரம் வந்து வந்து பார்த்துவிட்டு, நாய்க்குத் தடி எடுத்துக்கொண்டு குறுக்குத் தெருவுக்கே திரும்பிப் போனார்கள். பாத்தி முழுக்க இப்போது கீரைதான்: முளைக்கீரை, அரைக்கீரை, ஒரு வரிசை பாலக். மயிலாத்தாள் குனியாமல் பறிக்கிறாள். கோடிக்குப் போய்த் துணி போட்டுவிட்டு சோறு குழைவதற்குள் வந்துவிடுகிறாள்.

காலையில் இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்கிறார்கள். டேப் வைத்து அளந்தால் மேசை பழைய அளவுதான். சென்னியப்பன் அடுப்பிலிருந்து இறக்கியதும் இறக்காததுமாகக் காபியை ஆற்றாமல் டம்ளரில் ஊற்றி நீட்டுகிறார். அது அவள் கைக்குப் போய்ச் சேரும்போது ஆறியிருக்கிறது.